சத்தம் எப்போது வருகிறது?

“முன்னாடி ஏதோ டக் டக்குனு அடிக்குது” என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், எந்த மெக்கானிக் ஷெட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எந்தப் பக்கம் சார், லெஃப்டா ரைட்டா?” நாமும் சற்று யோசித்து, “லெஃப்ட் மாதிரிதான் இருக்கு” என்போம். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத்து லிங்க் ராடு மாறியிருக்கும். சத்தம் போகாது. பிறகு லோயர் ஆர்ம், பிறகு ஷாக் அப்சார்பர், பிறகு அதன் தலையில் இருக்கும் மவுன்ட் என்று பில் நீளும். கடைசியாக மாற்றிய பொருளோடு சத்தம் நின்றுவிட்டால், அதற்கு முன் மாற்றியவை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மெக்கானிக்கின் கைத்திறனில் குறையில்லை. கேள்வியில்தான் குறை. ஓடும் காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் காது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றது. ஆனால் எப்போது வருகிறது என்று கேட்டால் அதே காது பிசகாமல் சொல்லும்.

திறந்த வெளியில் நம் காதுகள் திசையறிவதில் கெட்டி. வலப்பக்கம் எழும் ஓசை வலக்காதை முதலில் எட்டும். தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போய்ச் சேர அதற்கு மேலும் 0.7 மில்லி வினாடிவரை பிடிக்கும். இந்தத் துளி நேர வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. ஒலி காற்றில் நேராக வந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். காரில் அது அப்படி வருவதில்லை. சக்கரத்தருகே ஒரு மூட்டு இடித்ததும் அதிர்வு கார் உடலின் எஃகுச் சட்டங்களுக்குள் புகுகிறது. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கனமான எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல் போகும். டேஷ்போர்டு, தரைத்தகடு, கண்ணாடியின் அடிப்பாகம், கதவு என்று எல்லாம் சேர்ந்து அதிர்ந்து, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒலியெழுப்பும். நாம் கேட்பது மூட்டின் சத்தமே அல்ல, தகடுகளின் சத்தம். எந்தத் தகடு பெரிதாகவும் தளர்வாகவும் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தைக் காது குற்றவாளியாக்கும். வலச் சக்கரத்தின் கோளாறு இடது காலடியில் கேட்பது இப்படித்தான்.

இன்றைய சிறிய கார்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அதற்குக் காரணம் 1940களில் பிறந்த ஒரு வடிவமைப்பு. ஜெனரல் மோட்டார்ஸில் செவ்ரோலே கேடட் என்ற சின்னக் காரை உருவாக்கிக்கொண்டிருந்த ஏர்ல் மக்ஃபர்சன் என்ற பொறியாளர், முன் சஸ்பென்ஷனை முடிந்தவரை எளிமையாக்கப் பார்த்தார். அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950இல் பிரிட்டிஷ் ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் அவருடைய யோசனை சாலைக்கு வந்தது. ஷாக் அப்சார்பரையே தூணாக நிறுத்தி, அதைச் சுற்றி ஸ்பிரிங்கை அமர்த்தி, தூணின் காலைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் முடுக்கி, தலையை ஒரு ரப்பர் மவுன்ட் வழியாகக் காரின் உடலிலேயே கட்டிவிடுவது. கீழே ஒரே ஒரு கை (லோயர் ஆர்ம்), அதன் நுனியில் ஒரு பால் ஜாயிண்ட். அவ்வளவுதான். செலவு குறைவு, இடமும் மிச்சம். குறுக்காக எஞ்சின் வைத்த முன்சக்கர இழுப்புக் கார்களுக்கு இதைவிடத் தோதானது கிடைக்காது. நம் ஊரில் அம்பாசடருக்கு முறுக்குக் கம்பியும் பத்மினிக்கு இரட்டைக் கையும் இருந்த காலத்தில், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த மக்ஃபர்சன் தூணில்தான் நின்றது. இன்று ஹேட்ச்பேக், செடான் எதைத் திறந்து பார்த்தாலும் பெரும்பாலும் இதுவே.

எளிமைக்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. தூணின் தலை, பானட்டுக்கு அடியில், கண்ணாடிக்குச் சற்று முன்னால் உடலோடு நேராக முடுக்கப்பட்டிருக்கிறது. சாலை தரும் அடி அத்தனையும் அந்த ஒரு ரப்பர் மவுன்டைக் கடந்து டேஷ்போர்டின் மூலைக்கு வருகிறது. கீழே எது இடித்தாலும் உள்ளே கேட்கும் வாசல் பெரும்பாலும் அதுவே. ஆகவே, “மேலேயிருந்து வருது, மவுன்ட்தான் போயிருக்கு” என்று அடித்துச் சொல்பவரை அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

சரி, மூட்டு ஏன் சத்தம் போடுகிறது? ‘ஆட்டம்’ வந்துவிட்டது, அதனால் என்பது பாதி விடைதான். தேய்ந்து அரை மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்த பால் ஜாயிண்ட்டும், அதன்மேல் விசை ஒரே திசையில் இருக்கும்வரை பேசாது. குண்டு கிண்ணத்தின் ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். விசையின் திசை புரளும்போதுதான் குண்டு இடைவெளியைத் தாண்டி எதிர்ச்சுவரில் மோதும். சக்கரம் ஒரு பள்ளத்தில் அடிபட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஐந்து மடங்கு முடுக்கம் பெற்றதாக வைத்துக்கொள்வோம். அந்த அரை மில்லிமீட்டரைக் கடக்க அதற்கு ஐந்து மில்லி வினாடிகூட ஆகாது. மோதும் வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேகம். ஆனால் மோதுவது எஃகும் எஃகும், அதன் பின்னால் பல கிலோ எடை. ‘டக்’.

ஆக, ஆட்டம் இருக்க வேண்டும், விசையும் புரள வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் சத்தமில்லை. துப்பறிவதற்குத் தேவையான முழு இயற்பியலும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். ஒவ்வொரு மூட்டிலும் விசை புரளும் தருணம் வேறு. எந்தத் தருணத்தில் சத்தம் வருகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த மூட்டு என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

சத்தத்தின் தன்மையும் உதவும். உலோகம் உலோகத்தில் மோதினால் தொடுதல் சட்டென்று முடிந்துவிடும். அவ்வளவு குறுகிய அடியில் உயர் அதிர்வெண்கள் நிறைய இருக்கும். கூர்மையான ‘டக்’ அல்லது ‘கட்’ என்று கேட்கும். நடுவே ரப்பர் இருந்தால் தொடுதல் நீளும், உயர் அதிர்வெண்கள் அடங்கிப்போகும், ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். லிங்க் ராடும் பால் ஜாயிண்ட்டும் முதல் வகை. மவுன்ட், புஷ், ஷாக் முழுக்க அமுங்கும்போது இடிக்கும் ரப்பர் தடுப்பு ஆகியவை இரண்டாம் வகை. ரப்பர் கிழிந்து உள்ளிருக்கும் இரும்பு தொட ஆரம்பித்துவிட்டால் வகை மாறிவிடும். அதனால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எதையும் கழற்றும் முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி, கதவுப் பையில் உருளும் தண்ணீர் பாட்டில், பானட்டுக்குள் கிளாம்ப் தளர்ந்த பேட்டரி, எஞ்சினுக்குக் கீழே ஒரு போல்ட் போன கார்டு: சஸ்பென்ஷன் கோளாறாக நடிக்கும் பொருட்கள் ஏராளம். சிரிப்பாக இருக்கலாம், லோயர் ஆர்ம் விலையை விசாரித்த பிறகு சிரிப்பு வராது.

இப்போது லிங்க் ராடு. எடுத்த எடுப்பில் எல்லோரும் மாற்றுவது இதைத்தான். உண்மையிலேயே அடிக்கடி கெடுவதும் இதுதான் என்பதால் அந்தப் பழக்கத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்றாமலே சோதிக்க அழகான வழி உண்டு. இரண்டு முன் சக்கரங்களையும் குறுக்காக இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, வளைவுகளில் வண்டி சாயாமல் பிடிப்பதற்காக வைக்கப்பட்டது. அதன் இரு முனைகளையும் இரு பக்கத்துத் தூண்களோடு சேர்ப்பவை இந்த லிங்க்குகள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறினால், கம்பி தன் புஷ்களுக்குள் அப்படியே புரண்டு கொடுக்கும், முறுக்கிக்கொள்ளாது. லிங்க்கில் விசை மிகச் சொற்பம். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால், ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கம்பி முறுகும். லிங்க்கில் ஏறும் விசையெல்லாம் அப்போதுதான்.

சோதனை இதிலிருந்தே பிறக்கிறது. சாலையின் முழு அகலத்துக்கும் இருக்கும் வேகத்தடையை இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகக் கடந்து பாருங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஒரு பாதாளச் சாக்கடை மூடியையோ தார் ஒட்டையோ கடந்து பாருங்கள். முன்னதில் அமைதி, பின்னதில் ‘டக்’ என்றால் சந்தேகம் லிங்க்கின்மேல். இரண்டிலும் ஒரே மாதிரி அடித்தால் ஷாக், மவுன்ட் பக்கம் திரும்பலாம். இன்னும் நிச்சயம் வேண்டுமா? நீண்ட வளைவில் சீராகத் திரும்பிக்கொண்டே கரடுமுரடான சாலையில் போகும்போது சத்தம் அடங்குகிறதா என்று கவனியுங்கள். சாய்வினால் கம்பி ஒரு பக்கமாக முறுகி, லிங்க் ஒரே திசையில் இழுபட்டு நிற்கும். விசை புரளாது, மூட்டு வாய் திறக்காது. சில அனுபவசாலி மெக்கானிக்குகள் இரு பக்க லிங்க்கையும் கழற்றிக் கம்பியை எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, நடை வேகத்துக்குச் சற்றே கூடுதலாக ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் மறைந்தால் வழக்கு முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் போதாதா என்றால், கழன்ற முனை எதிலாவது இடித்துப் புதிய சத்தம் ஒன்றைத் தரும்.

வேகத்தடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் வகுத்த நெறிமுறை, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டவில் வடிவில் இருக்க வேண்டும் என்றது. அதாவது சின்ன காரே அதன்மேல் நின்றுவிடும் அளவுக்கு அகலம். நம் தெருக்களில் இருப்பவை அந்த நெறிமுறையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவை. அதே உயரத்தை அரை மீட்டர் தூரத்துக்குள் ஏறி இறங்கச் சொன்னால், சக்கரம் மேலே எறியப்படும் வேகம் பல மடங்காகிறது. நம் ஊர் லிங்க் ராடுகளின் ஆயுளைத் தயாரிப்பாளரைவிடத் தெருக்காரர்களே அதிகம் தீர்மானிக்கிறார்கள்.

பிரேக் பெடல் ஓர் அற்புதமான பரிசோதனைக் கருவி. மோசமான சாலையில் மெதுவாகப் போகும்போது பெடலை லேசாக, வேகம் அதிகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் காலிப்பருக்குள் பேடுகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. சஸ்பென்ஷனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நேர்மாறாக, பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘தொப்’, விட்டு மறுபடி இழுக்கும்போது ஒரு ‘தொப்’ என்றால் லோயர் ஆர்மின் பின்புற புஷ்ஷைப் பாருங்கள். பிரேக் சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது, எஞ்சின் முன்னோக்கி இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே விசை புரள்கிறது. அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால் கை முன்னும் பின்னும் நகரும். கியர் போட்டு கிளட்சை விடும் கணத்தில் மட்டும் இடித்தால் எஞ்சின் மவுன்ட்டாகவும் இருக்கலாம்.

வண்டி நின்றிருக்க, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் ‘டங்’ என்று வருகிறதா? தூணின் தலையிலுள்ள பேரிங் இறுகியிருக்கும். தூண் திரும்பும்போது ஸ்பிரிங்கும் கூடவே வழுக்கித் திரும்ப வேண்டும். பேரிங் விடாவிட்டால் ஸ்பிரிங் முறுகி, பொறுக்க முடியாத நிலையில் துள்ளி விடுபடும். கீழ்ச் சுற்று துருவேறி முறிந்த ஸ்பிரிங்கும் இதே ஓசை தரும், அதனால் டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் அடியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மேடுபள்ளமே இல்லாத சாலையிலும் சத்தம் வந்தால் எண்ணிப் பாருங்கள். சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் போகும், 10 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஒன்றரைச் சுற்று, 20இல் மூன்று. வேகத்தோடு சேர்ந்து துடிப்பும் கூடினால் சுழலும் பொருள்தான் காரணம். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து எட்டுப் போட்டால் ‘கடகட’ என்று வருவது ஆக்ஸில் ஜாயிண்ட். ஓயாத ஹூங்காரம், வளைவில் ஒரு பக்கம் திரும்பினால் மட்டும் கூடுவது, வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடச் சக்கரத்தில் ஏறும் என்பதால், அப்போது கூடினால் இடப்பக்கத்துப் பேரிங்.

இனி வண்டியை ஜாக்கியில் ஏற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். பட்டறைகளில் நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. மக்ஃபர்சன் வண்டியில் எடை தூண் வழியாக மேலே போய்விடுவதால், கீழேயுள்ள பால் ஜாயிண்ட் எடை தாங்குவதில்லை. சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. இங்கே உடலைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே லிவர் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். ஆனால் கீழ்க்கையின்மேலேயே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இரட்டைக் கை வண்டிகளில் (பெரிய எஸ்யூவிகள் பலவும் இப்படித்தான்) உடலைத் தூக்கினால் ஸ்பிரிங் கையைக் கீழே அழுத்தி, பால் ஜாயிண்ட்டை இழுத்துப் பிடித்துவிடும். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இறுக்கமாகத்தான் தெரியும். அங்கே ஜாக்கியைக் கீழ்க்கைக்கே கொடுத்து ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் மூட்டு விடுபட்டு உண்மை வெளிவரும். மீண்டும் அதே விதி: விசை ஒரு பக்கமாக இருக்கும்வரை ஆட்டம் மறைந்தே இருக்கும். ஷெட் வாசலில் நிற்கும் காரின் முன்பக்கத்தைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்து “ஒண்ணும் இல்ல சார்” என்று சொல்வதில் பெரிய பயன் இல்லாததும் இதனால்தான். கை கொடுக்கும் விசைக்கு எடையின் விசையைப் புரட்டும் பலம் கிடையாது.

தொங்கும் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக், ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகக் கவ்விவிடும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டமென்றால் டை ராடு எண்டு, அல்லது ஸ்டீயரிங் ரேக். இந்த இரண்டு வகை மூட்டிலும் ஆட்டம் கண்டால், சத்தம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதானே என்று தள்ளிப்போடக் கூடாது. லிங்க் ராடு உடைந்தால் வண்டி சற்றுச் சாயும், அவ்வளவே. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கும்.

காதுக்கு எட்டாததைக் கை கண்டுபிடிக்கும். ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துக்கொண்டே போகலாம். தோலுக்கு அடியில் இருக்கும் பசீனியன் நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வுக்கு மிகவும் கூர்மையானவை. மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவை உணரக்கூடியவை. இடிக்கும் மூட்டில் விரல் பட்டால் சந்தேகமே இருக்காது. பானட்டைத் திறந்து மவுன்ட்டின் தலையிலும் இதையே செய்யலாம். ஆனால் அந்தத் தலையின் நடுவிலுள்ள பெரிய நட்டை மட்டும் தொட வேண்டாம். ஒரு முன் ஸ்பிரிங் 250 கிலோவைத் தாங்கி 13 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்றால், அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 160 ஜூல். பத்துக் கிலோ இரும்பு ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து விழும் ஆற்றல் அது. தூணை வெளியே எடுத்த பிறகும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்திருக்காது. கம்ப்ரஸர் போட்டு அமுக்கிய பிறகே அந்த நட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

‘கிறீச்’ என்று முனகும் சத்தம் தனிக் கதை. அது மோதல் அல்ல, ரப்பர் இரும்பில் ஒட்டி ஒட்டி வழுக்குவது. மழை நாளில் மறைந்து வெயிலில் திரும்பி வந்தால் ரப்பர் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகப் பீய்ச்சினால் எது என்றும் தெரிந்துவிடும். சத்தத்தை அடக்கச் சாதாரண கிரீஸ் தடவுவது நம் ஊர் வழக்கம். இரண்டு நாள் அமைதி, பிறகு பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். தடவித்தான் ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ்.

புதிய லோயர் ஆர்ம் போட்டுச் சில மாதங்களிலேயே பழைய ‘தொப்’ திரும்பினால், பலரும் “டூப்ளிகேட் பார்ட்ஸ்” என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். சில சமயம் அது உண்மை. ஆனால் பொருத்திய விதத்தையும் விசாரிக்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே வார்க்கப்பட்டது. அது வழுக்குவதில்லை; கை ஏறி இறங்கும்போது முறுகிக்கொடுக்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பரின் இயல்பு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் கை மேலே போகும், ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேலும் முறுகும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையளவுக்கு மட்டும் ஏற்றி, சக்கரங்கள் எடை தாங்கி நிற்கும் நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்த பிறகே கடைசி முடுக்கு போட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அலைன்மென்ட் பார்ப்பது அதற்குப் பிறகு.